புரியாத மெசேஜுக்கு என்ன பதில் சொல்வது?

திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். சிறிய கூட்டுறவு வங்கி ஒன்றில், ஸ்பான்சர் வங்கியின் (இவர்களைப் பணப் பரிமாற்ற வலையமைப்பில் இணைத்துவிடும் வங்கி) சுவிட்சுக்கும் (மெசேஜ்களை உரிய இடத்துக்குத் திருப்பிவிடும் கணினி) தங்கள் கோர் பேங்கிங்குக்கும் (கணக்குகளை வைத்திருக்கும் மென்பொருள்) நடுவில் ஓடும் புரோகிராமை அவர் பார்த்துக்கொள்கிறார். தங்களிடம் இல்லாத சேவையைக் கேட்டு மெசேஜ் வந்தால் லாக்கில் (நிகழ்வுப் பதிவில்) ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். சில மெசேஜ்கள் மட்டும் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகின்றன. அதை எப்படி நிறுத்துவது என்பது ஒரு கேள்வி. தாங்கள் அனுப்பும் கோரிக்கைக்கு 'இந்தச் சேவை இல்லை' என்று பதில் வந்தால் மறுபடி அனுப்பலாமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் அவர் எழுதாத மூன்றாவது கேள்வி இருக்கிறது: 'ஆதரவில்லை' என்ற பதில் வந்தால், பணம் நகரவில்லை என்று நம்பலாமா? அதைத் தீர்த்துவிட்டால் மற்ற இரண்டும் தானாகத் தெளியும்.

முதலில் சந்தேகமே இல்லாத ஒன்று. பதில் எதிர்பார்க்கும் எந்த மெசேஜையும் பேசாமல் கீழே போடக் கூடாது. மௌனத்தை எதிர்முனை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளாது. 'என்ன ஆயிற்று என்று தெரியவில்லை' என்றுதான் எடுத்துக்கொள்ளும். தெளிவான 'இல்லை' வந்தால் அங்கேயே கணக்கு முடியும். பதிலே வராவிட்டால் காத்திருந்து, நேரம் கடந்து, நடந்ததோ நடக்கவில்லையோ எதற்கும் இருக்கட்டும் என்று ரிவர்சல் (முன் அனுப்பியதை ரத்து செய்யும் மெசேஜ்) அனுப்ப வேண்டியிருக்கும். ஒரு மினி ஸ்டேட்மென்ட் கோரிக்கைக்குப் பதில் சொல்லாமல் விட்டால் அந்த வாடிக்கையாளர் ஏடிஎம் முன்னால் அரை நிமிடம் கூடுதலாக நிற்பார், அவ்வளவுதான். பணம் எடுக்கும் கோரிக்கையில் அதே மௌனம் ஒரு சங்கிலியையே இழுத்துவிடும்.

திரும்பத் திரும்ப வரும் மெசேஜ்கள் எவை என்று லாக்கைப் பார்க்காமலே ஓரளவு சொல்லலாம். ஐஎஸ்ஓ 8583 (கார்டு பரிவர்த்தனை மெசேஜ்களுக்கான தரம்) மெசேஜின் முதல் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதல் இலக்கம் தரத்தின் பதிப்பு: 0 என்றால் 1987, 1 என்றால் 1993, 2 என்றால் 2003. இரண்டாவது இலக்கம் என்ன வகை வேலை என்பது: 1 ஒப்புதல், 2 பணப் பரிவர்த்தனை, 4 ரிவர்சல், 8 இணைப்பு நிர்வாகம். மூன்றாவதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம்: 0 கோரிக்கை, 1 அதற்கான பதில், 2 அட்வைஸ் (நடந்ததைத் தெரிவிக்கும் தகவல்), 3 அட்வைஸுக்கான பதில். நான்காவது இலக்கம் யாரிடமிருந்து கிளம்பியது, முதல் தடவையா மறு தடவையா என்று சொல்லும். உங்கள் லாக்கில் 0421 என்று வரிசையாக நின்றால், அது 0420-இன் மறுபிரதி. ரிவர்சல் அட்வைஸ் அனுப்பிய பக்கம் அதைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு, 0430 வரும்வரை விடாமல் அனுப்பும். அது அந்தப் பக்கத்துப் பிழையில்லை. அப்படித்தான் அனுப்ப வேண்டும்.

இங்கே கோரிக்கைக்கும் அட்வைஸுக்கும் உள்ள வேறுபாட்டை மனதில் இறுக்கிக்கொள்ளுங்கள். 0200 என்பது 'செய்யலாமா?' என்ற கேள்வி. அதற்கு 'எங்களிடம் இந்த வசதி இல்லை' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. 0220-ம் 0420-ம் 'இது நடந்துவிட்டது, குறித்துக்கொள்' என்ற தகவல்கள். தஞ்சாவூர்ப் பேருந்து நிலைய ஏடிஎம்மில் பணம் வெளியே வரவில்லை என்பது நடந்து முடிந்த செய்தி. அதை ஆதரிப்பதில்லை என்று மறுக்க முடியாது. புரோகிராமுக்கு அந்த வகை அட்வைஸைக் கையாளத் தெரியாவிட்டாலும், முழு மெசேஜையும் ஒரு விதிவிலக்கு அட்டவணையில் எழுத வேண்டும், எழுத்து டிஸ்க்கில் உறுதியாக விழுந்த பிறகே ஏற்பு அனுப்ப வேண்டும், பின்னர் ஒரு மனிதர் அதை எடுத்துப் பார்த்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏற்பை முதலில் அனுப்பிவிட்டு அப்புறம் எழுதும் வரிசை ஆபத்தானது. நடுவில் மின்சாரம் போனால் அந்தத் தகவல் உலகத்தில் எங்குமே இருக்காது.

பதில் மெசேஜை உருவாக்குவது கடினமில்லை. வகையே தெரியாத கோரிக்கையாக இருந்தாலும் மூன்றாவது இலக்கத்தில் ஒன்றைக் கூட்டினால் பதிலின் எண் கிடைத்துவிடும்: 0200-க்கு 0210, 0400-க்கு 0410, 0420-க்கு 0430. மறுபிரதியான 0421-க்கும் வழக்கமாக 0430-தான். அனுப்பியவர் தன் கோரிக்கையோடு பொருத்திப் பார்க்க உதவும் ஃபீல்டுகளை (மெசேஜின் எண்ணிட்ட பகுதிகளை), குறிப்பாக 7 (அனுப்பிய நேரம்), 11, 37 (அடையாள எண்கள்) ஆகியவற்றை, வந்தபடியே திருப்பி அனுப்புங்கள். 39-இல் காரணக் குறியீட்டை இடுங்கள். ஒரு எச்சரிக்கை: மூன்றாவது இலக்கம் 1 அல்லது 3 என்றால் வந்ததே ஒரு பதில்தான். புரியாத பதிலுக்கு இன்னொரு மறுப்பு அனுப்பினால், அதை எதிர்முனையும் புரியாததாக எண்ணி மறுக்க, இரண்டு இயந்திரங்களும் விடிய விடிய ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருக்கும். மறுப்புக்கு மறுப்பு கிடையாது. எக்ஸ்எம்எல் மெசேஜ்களிலும் (கீழே வரும் ஐஎஸ்ஓ 20022 ரகம்) பங்குச் சந்தையின் ஃபிக்ஸ் நெறிமுறையிலும் இதே விதிதான்.

அடுத்து, 'ஆதரவில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வெவ்வேறு நிலைமைகளைத் திணிப்பதுதான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம். மெசேஜின் அமைப்பே சிதைந்து வந்தால் அது வடிவப் பிழை, 39-இல் 30. அமைப்பு சரி, ஆனால் கேட்ட வேலை உங்களிடம் இல்லை என்றால் 40. பல சுவிட்சுகளில் இதற்கு 12 என்றே கொடுக்கிறார்கள். வேலை உங்களிடம் உண்டு, இந்தக் கார்டுக்கு அனுமதி இல்லை என்றால் 57. கார்டுக்கு உண்டு, அந்த டெர்மினலுக்கு இல்லை என்றால் 58. எல்லாம் சரி, உங்கள் கோர் பேங்கிங் அந்த நேரம் எழுந்திருக்கவில்லை என்றால் 91. இவற்றைப் பிரித்துச் சொல்வது அழகுக்காக இல்லை. 30 வந்தால் புரோகிராமரைக் கூப்பிட வேண்டும். 40 வந்தால் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். 57 வந்தால் கிளையில் கேட்க வேண்டும். 91 வந்தால் கொஞ்ச நேரம் பொறுத்தால் போதும். ஐந்துக்கும் 96 (கணினிக் கோளாறு) என்று பொதுவாகத் தள்ளிவிட்டால் அடுத்தவர் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்பார். பங்குச் சந்தை ஃபிக்ஸ் நெறிமுறையை வகுத்தவர்கள் இதை நன்றாகச் செய்திருக்கிறார்கள். வடிவம் தப்பினால் ஒரு வகை மறுப்பு; வடிவம் சரியாக இருந்து அந்த வகை மெசேஜே இங்கே கிடையாது என்றால் 35=j (மெசேஜ் வகையைச் சொல்லும் 35-ஆம் டேகில் j) என்ற தனி மறுப்பு, அதில் காரணத்தைச் சொல்லும் 380-ஆம் டேகில் 3.

சிதைந்த மெசேஜைப் பற்றி இரண்டு நடைமுறைக் குறிப்புகள். ஒவ்வொரு மெசேஜுக்கும் முன்னால் அதன் நீளம் வரும், வழக்கமாக இரண்டு பைட். மறுக்கப் போகிறோம் என்று தெரிந்த உடனே படிப்பதை நிறுத்திவிட்டால், மிச்சமிருக்கும் பைட்டுகள் அடுத்த மெசேஜின் தலையாகப் படிக்கப்படும். பிறகு வரும் நல்ல மெசேஜ்களும் வரிசையாகச் சிதையும். மறுத்தாலும் சொன்ன நீளம் முழுவதையும் படித்துத் தீருங்கள். இரண்டாவது, லாக். சிதைந்த மெசேஜை அப்படியே கோப்பில் கொட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. அதில் கார்டு எண், டிராக் தகவல் (கார்டின் காந்தப் பட்டையில் உள்ளது), பின் பிளாக் (மறையாக்கிய ரகசிய எண்) எல்லாம் இருக்கலாம். கார்டு எண்ணில் முதல் ஆறு, கடைசி நான்கு இலக்கங்கள் போதும். டிராக் இருக்கும் 35-ஐயும் பின் பிளாக் இருக்கும் 52-ஐயும் எழுதவே கூடாது. எந்த ஃபீல்டு எங்கே தொடங்குகிறது என்றே புரியாத அளவுக்குச் சிதைந்திருந்தால், நீளம், வந்த நேரம், எந்த இணைப்பு, தொடக்கத்தின் சில பைட்டுகள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெசேஜின் மேக் (இடையில் மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) சரிபார்ப்பு தோற்றால் அது ஆதரவில்லாத மெசேஜே ஆகாது. யாரோ கைவைத்திருக்கலாம் அல்லது சாவி மாறியிருக்கலாம். அதற்குத் தனி எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும்.

முழுதாகப் புரியாத மெசேஜைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது பாதி புரிந்த மெசேஜ். உறுப்பினர் 5,000 ரூபாய் கேட்டார், இயந்திரம் 3,000 மட்டும் தள்ளியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிவர்சல் வரும், உண்மையில் வெளியே வந்த தொகை 95-ஆம் ஃபீல்டில் இருக்கும். பகுதி ரிவர்சலை உங்கள் புரோகிராம் ஆதரிக்கவில்லை, ஆனால் ரிவர்சலை ஆதரிக்கிறது என்றால், 95-ஐக் கண்டுகொள்ளாமல் முழு 5,000-ஐயும் கணக்கில் திருப்பிப் போட்டுவிடும். எங்குமே பிழைச் செய்தி வராது. மாதக் கடைசியில் 3,000 ரூபாய் உதைக்கும். எக்ஸ்எம்எல் பக்கமும் இதே கதைதான். பெய்ன்.001 (வாடிக்கையாளர் தரும் பணம் அனுப்பும் உத்தரவு) கோப்பில் பணம் போக வேண்டிய தேதி அடுத்த வாரம் என்று குறித்திருக்கும். உங்கள் அமைப்புக்கு எதிர்காலத் தேதி வசதி கிடையாது. அந்த வரியை மட்டும் விட்டுவிட்டுப் படித்தால் பணம் இன்றைக்கே போய்விடும். ஆகவே ஒரு ஃபீல்டு பணத்தின் அளவையோ, தேதியையோ, போய்ச் சேரும் இடத்தையோ, நிபந்தனையையோ மாற்றக்கூடியது என்றால், அது புரியாதபோது மெசேஜை முழுதாக மறுத்துவிடுங்கள்; அட்வைஸாக இருந்தால் மறுக்காமல், முன்சொன்னபடி விதிவிலக்கு அட்டவணையில் எழுதி மனிதர் பார்வைக்கு விடுங்கள். வெறும் குறிப்பு வரியாக இருந்தால் விட்டுவிட்டுத் தொடரலாம். எவை எந்த ரகம் என்று ஒருமுறை உட்கார்ந்து பட்டியல் எழுதியாக வேண்டும். இதைப் புரோகிராமர் தனியாகத் தீர்மானிக்காமல் கணக்குப் பிரிவில் இருப்பவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஐஎஸ்ஓ 20022 (எக்ஸ்எம்எல் பண மெசேஜ்களின் தரம்) மெசேஜ்களில் பதிப்பு எண் நேம்ஸ்பேஸிலேயே (மெசேஜின் தொடக்கத்தில் வரும் அடையாளப் பெயரிலேயே) இருக்கும், பெய்ன்.001.001.03 என்றால் கடைசி 03 பதிப்பு. நேம்ஸ்பேஸைக் கழற்றிப் போட்டுவிட்டு 'எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதானே' என்று 09-ஐ 03-க்கான நிரலால் படிக்கும் குறுக்குவழி பல இடங்களில் ஓடுகிறது. பெரும்பாலும் ஓடும்; தேதியின் உள்ளமைப்பு மாறிய இடத்தில் கவிழும். தெரியாத பதிப்பை மறுப்பதே சரி. மெசேஜையே செயலாக்க முடியவில்லை என்றால் அட்மி.002, மெசேஜ் சரி, அதற்குள் இருக்கும் பணப் பரிமாற்றத்தை ஏற்க முடியவில்லை என்றால் பேக்ஸ்.002 (வங்கிகளுக்கிடையே) அல்லது பெய்ன்.002 (வாடிக்கையாளருக்கு). கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட 400 பேருக்கான தொகை ஒரே கோப்பில் வருகிறது, அதில் ஒரே ஒரு வரி மட்டும் உங்களால் செய்ய முடியாதது என்றால், 400 பேரையும் காக்க வைக்க வேண்டியதில்லை. அந்த ஒரு வரியைக் காரணத்தோடு மறுத்து, கோப்பின் நிலையைப் 'பகுதி ஏற்பு' என்று சொல்ல வழி இருக்கிறது. ஆனால் கோப்பின் தலையில் சொன்ன எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் உள்ளே இருக்கும் வரிகளோடு பொருந்தாவிட்டால் மொத்தத்தையும் திருப்பிவிடுங்கள். அதில் பாதியை நம்புவதற்கு அடிப்படை இல்லை.

இப்போது பணம் நகர்ந்ததா என்ற கேள்வி. கணக்குத் தீர்வுக்கு (வங்கிகளுக்கிடையே பணம் கைமாறுவதற்கு) முன்னால் சொல்லும் 'இல்லை'க்கு மறுப்பு என்று பெயர். பின்னால் சொல்வது திருப்பி அனுப்புதல். இரண்டுக்கும் மெசேஜே வேறு. மறுப்பில் பணம் அனுப்பியவரிடமே இருக்கிறது. நெஃப்டில் (பேட்ச் எனும் தொகுதிகளாகத் தீர்வாகும் வங்கிப் பணப் பரிமாற்ற முறை) உங்கள் உறுப்பினருக்கு வரவு வந்து, அந்தக் கணக்கு வகை வரவை ஏற்காது என்றால், அந்த பேட்ச்சின் தீர்வு ஏற்கெனவே முடிந்திருக்கும். அப்போது தொழில்நுட்ப மறுப்பு அனுப்பிப் பயனில்லை. என்07 மெசேஜாகப் பணத்தைத் திருப்பியே ஆக வேண்டும், அதுவும் பேட்ச் தீர்வு முடிந்த 2 மணி நேரத்துக்குள். 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் இரவு பகலாக அரை மணிக்கொரு பேட்ச் ஓடுகிறது. ஆகவே 'காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்ற பழைய ஏற்பாடு இன்றைக்குப் பொருந்தாது. ஸ்பான்சர் வழியாக இணைந்த வங்கி என்பதால் மெசேஜை அனுப்புவது அவர்கள். உங்கள் பக்கத்திலிருந்து தகவல் அவர்களுக்கு எத்தனை நிமிடத்துக்குள் போக வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பும் பக்கத்துக்கு வருவோம். 'ஆதரவில்லை' என்று தெளிவாக வந்த கோரிக்கையை அதே வடிவில் மறுபடி அனுப்பாதீர்கள். அங்கே யாராவது அமைப்பை மாற்றும்வரை பதில் மாறாது. பத்துத் தடவை அனுப்பினால் பத்து மறுப்பு வரும், எதிர்முனையில் உங்கள் இணைப்பின் மேல் சந்தேகமும் வரும். மறுமுயற்சிக்கு இடமுள்ளவை 91 போன்ற தற்காலிகப் பதில்களும் பதிலே வராத நிலையும்தான். பதில் வராதபோது புதிய எண்ணில் புதிய கோரிக்கை அனுப்புவது இரட்டைப் பற்றுக்கு நேர்வழி. முதலில் நிலை விசாரியுங்கள். விசாரிக்க வசதி இல்லையென்றால் ரிவர்சல் அனுப்பி அதற்கு ஏற்பு வாங்குங்கள். அதன் பிறகே அடுத்த முயற்சி. ஐஎம்பிஎஸ் (உடனடிப் பணப் பரிமாற்றம்) இல்லையென்றால் தானாக நெஃப்டுக்கு மாற்றும் ஏற்பாடும் அப்படியே: உறுதியான மறுப்பு வந்தால் மட்டும் மாறலாம், நேரம் கடந்ததற்காக மாறக் கூடாது.

ஏற்பு என்ற சொல்லையும் அளந்து நம்ப வேண்டும். வங்கிகளுக்கிடையே மெசேஜ் கொண்டுசெல்லும் உலக வலையமைப்பான ஸ்விஃப்டிலும் சரி, நம் நாட்டு எஸ்எஃப்எம்எஸ்ஸிலும் சரி, வலையமைப்பு தரும் ஏற்பு 'மெசேஜ் என் கைக்கு வந்தது, வடிவம் சரி' என்பதோடு முடிகிறது. மேட்டூரில் மதகு திறந்தாயிற்று என்ற செய்தியை வைத்துக்கொண்டு வேதாரண்யம் கடைமடையில் யாரும் நாற்று விட மாட்டார்கள். கல்லணை தாண்டி, தலைப்பு தாண்டி, தன் வாய்க்காலில் தண்ணீரைக் கண்ணால் பார்க்க வேண்டும். இங்கும் அதே போல், வலையமைப்பின் ஏற்பு, எதிர்வங்கியின் ஏற்பு, கணக்கில் வரவு என மூன்றையும் மூன்று தனி நிலைகளாக உங்கள் அட்டவணையில் வையுங்கள். ஒரே 'சக்சஸ்' பத்தியில் மூன்றையும் போட்டால், கவுன்டரில் இருப்பவர் உறுப்பினரிடம் பணம் போய்விட்டது என்று சொல்லிவிடுவார்.

இதுவரை சொன்னதில் எவை உறுதி, எவை இடத்துக்கு இடம் மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதில் சொல்லியே ஆக வேண்டும், மறுப்புக்கு மறுப்பில்லை, அட்வைஸை மறுக்கக் கூடாது என்பவை எங்கும் மாறா. 39-இல் வரும் எண்களின் பொருள் அப்படியில்லை. ஒரு சுவிட்சில் 12 என்றால் சேவை இல்லை. இன்னொன்றில் வேறெதற்கும் எண் கிடைக்காதபோது போடும் எண்ணும் 12-தான். மூலப் பரிவர்த்தனையே உங்களிடம் இல்லாத ரிவர்சலுக்கு 00 சொல்வதா 25 சொல்வதா என்பதும் ஸ்பான்சரின் ஆவணத்தைப் பொறுத்தது. எதைச் சொன்னாலும் அந்த ரிவர்சலைக் குறித்து வைத்திருங்கள். தாமதமாக வரும் மூலக் கோரிக்கை அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தால் அதை ஏற்கக் கூடாது. 96-இன் பொருளைச் சோதித்து உறுதி செய்யும்வரை, பணம் நகர்ந்ததா என்று தெரியாத நிலையாகவே வையுங்கள்.

சோதனையைக் குறுவை அறுவடைப் பணம் வரத் தொடங்கும் முன்னால், ஸ்பான்சரின் சோதனை இணைப்பில் செய்துவிடுங்கள். இல்லாத மெசேஜ் வகை ஒன்று, மூன்றாவது ஃபீல்டில் இல்லாத வேலைக் குறியீடு ஒன்று, தெரிந்த வகையிலேயே கட்டாய ஃபீல்டு ஒன்று குறைந்தது, நீளம் தவறானது, மேக் தவறானது என்று வேண்டுமென்றே அனுப்பி, என்ன பதில் வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர்களையும் உங்களுக்கு அதே போல் அனுப்பச் சொல்லுங்கள். ஆதரிக்கும் மெசேஜ்களின் பட்டியலை நிரலுக்குள் புதைக்காமல் தனி அட்டவணையில் வைத்தால், இல்லாதவை எல்லாம் ஒரே வழியாக வந்து விழும், எண்ணிப் பார்க்கவும் முடியும். ஒரு வருடமாக வராத ஒரு வகை திடீரென்று நாளுக்கு நாற்பது வந்தால் எதிர்முனை பதிப்பை மாற்றியிருக்கலாம். கவுன்டர் திரையில் வரும் வாசகமும் இதில் அடக்கம். 'இந்தக் கணக்கில் இந்தச் சேவை இல்லை, பணம் எடுக்கப்படவில்லை' என்பதை 30, 40, 57 போன்ற திட்டமான மறுப்புக்கு மட்டும் காட்டுங்கள். தெரியாத நிலைக்கு 'விசாரணையில் உள்ளது, மறுபடி முயல வேண்டாம்' என்பதுதான் நேர்மையான வாசகம்.

கடைசியாக, இதை மட்டும் அவசரப்பட்டுச் செய்துவிடாதீர்கள். இந்தப் பதிலைப் படித்த உடனே 0421-க்கெல்லாம் 0430 அனுப்பும்படி நிரலைத் திருத்தத் தோன்றும். திருத்திய நிமிடமே மெசேஜ்கள் நின்றுவிடும், ஏனென்றால் ஏற்பு கிடைத்ததும் எதிர்முனை தன் வரிசையிலிருந்து அவற்றை நீக்கிவிடும். அவற்றில் பல, யாரோ ஒருவருக்குக் கையில் வராத பணமாக இருக்கும். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, கணக்கில் பற்று வைத்து ஏடிஎம்மில் பணம் வராவிட்டால் 5 நாட்களுக்குள் திருப்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, உறுப்பினர் கேட்காவிட்டாலும் தர வேண்டும். ஆகவே முதலில் லாக்கிலிருந்து 0420, 0421 எல்லாவற்றையும் எடுங்கள். 90-ஆம் ஃபீல்டில் மூல மெசேஜின் எண்ணும் தேதியும் நேரமும் இருக்கும். அதை வைத்து மறுபிரதிகளைக் கழித்துவிட்டு மூலப் பற்றுகளோடு பொருத்துங்கள். லாக்கில் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள் என்றால் ஃபீல்டுகள் அதில் கிடைக்காது. அப்போது ஸ்பான்சரிடம் அந்த நாட்களுக்கான ரிவர்சல் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கணக்குகளுக்கு எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற பட்டியல் மேலாளரின் கையெழுத்தோடு தயாரான பிறகு, அன்றைய வரவுகளைப் போட்டுவிட்டு, அதன் பின் புதிய நிரலை ஏற்றுங்கள்.